ஒடுங்கு அல்லீல் 50 மடங்கு அதிகம், மரபுச் சுமை மட்டும் பாதி: எப்படி?

பதிவு 1 | கணிமரபு

ஒரு லோகஸ் (குரோமோசோமில் ஒரு மரபணுவின் இடம்), இரண்டு அல்லீல்கள் (அந்த மரபணுவின் மாற்று வடிவங்கள்). ஆ இயல்பானது; அ சடுதிமாற்றத்தால் வந்த தீங்கானது. தகுதி (பிழைத்துப் பெருகும் திறன்) மதிப்புகள்: ஆஆ = 1, ஆஅ = 1 − ஓத, அஅ = 1 − த. இதில் த தேர்வுக் குணகம் (இரட்டைப் பிரதியின் தீங்கு), ஓ ஓங்குக் குணகம் (அந்தத் தீங்கில் எவ்வளவு பங்கு ஒற்றைப் பிரதியிலேயே தெரிகிறது என்பது). ஆ-விலிருந்து அ-வுக்கு மாறும் சடுதிமாற்ற வீதம் ம. அ-வின் நிகழ்வெண் (மொத்தப் பிரதிகளில் அதன் பங்கு) க.

ம = 0.00001, த = 0.1 என்று வைத்தால்:

ஓ = 0 (அ முழுக்க ஒடுங்கியது): சமநிலையில் க = √(ம/த) = 0.01
ஓ = 0.5 (சரிபாதி): சமநிலையில் க = ம/(ஓத) = 0.0002

முதல் இனக்கூட்டத்தில் கெட்ட அல்லீல் 50 மடங்கு அதிகம். ஆனால் சராசரித் தகுதியில் இழப்பு, அதாவது மரபுச் சுமை, அங்கே 0.00001, இரண்டாவதில் 0.00002. கெட்டதை அதிகமாக வைத்திருக்கும் கூட்டம்தான் நன்றாக இருக்கிறது. சமன்பாட்டில் பிழை இல்லை என்று தெரிகிறது, ஏன் இப்படி வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. கூடவே இன்னொன்று: இதையே கணினியில் ஓட்டினால் ஓ = 0.5-க்கு விடை ஒத்துப்போகிறது, ஓ = 0-வுக்கு எதிர்பார்த்ததில் 4 சதவீதச் சுமைதான் வருகிறது. க = 0-விலிருந்து தொடங்கி 200 தலைமுறை ஓட்டிய விடை அது.


பதிவு 2 | சமன்பாடு

முதல் கேள்விக்கு: நிகழ்வெண்ணை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள், உடனே தெளிந்துவிடும்.

ஒரு லட்சம் உயிரிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள், ஆக இரண்டு லட்சம். ம = 0.00001 என்றால் தலைமுறைக்கு 2 புதிய அ பிரதிகள் உள்ளே வருகின்றன. சமநிலை என்றால் அதே 2 பிரதிகள் தலைமுறைதோறும் வெளியேற வேண்டும். அதைவிடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஓ = 0.5 கூட்டத்தில் க = 0.0002. அ-வைச் சுமக்கும் ஹெட்டிரோசைகஸ் (ஆஅ) உயிரிகள் 40. ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத இழப்பு, ஆக 2 சாவு. ஒவ்வொரு சாவும் ஒரு அ-வைத்தான் வெளியே கொண்டுபோகிறது (கூடவே குற்றமில்லாத ஓர் ஆ-வையும்). 2 பிரதிகளை நீக்க 2 உயிர்.

ஓ = 0 கூட்டத்தில் க = 0.01. சுமப்பவை 1,980, அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அஅ உயிரிகள் 10. அவற்றில் 10 சதவீதம், அதாவது 1 சாவு. அந்த ஒரு சாவில் இரண்டு அ-க்களும் போய்விடுகின்றன. 2 பிரதிகளுக்கு 1 உயிர்.

லட்சத்துக்கு 1, லட்சத்துக்கு 2. நீங்கள் போட்ட 0.00001, 0.00002 அவ்வளவுதான். 'சாவு' என்பதை மலட்டுத்தன்மை, குறைந்த மகப்பேறு எல்லாம் சேர்ந்த இனப்பெருக்க இழப்பு என்று கொள்ளுங்கள்.

மரபியலாளர் ஹால்டேன் 1937-இல் காட்டியது இதைத்தான்: சமநிலையில் சுமை ம-வையோ 2ம-வையோ பொறுத்தது, த அதற்குள் வருவதே இல்லை. த-வை 0.1-லிருந்து 0.01 ஆக்கிப் பாருங்கள். ஒடுங்கு அல்லீலின் க 0.0316 ஆக ஏறும், சுமை அதே 0.00001. தீங்கு குறைந்தால் அல்லீல் அதிக நாள் தங்கும், அதிகமானவர்களைத் தொடும். பெருக்கிப் பார்த்தால் அதே தொகை.

ஒரு லோகஸில் இந்த 1, 2 வித்தியாசம் அற்பமாகத் தெரியும். மரபகம் முழுவதற்கும் பாருங்கள். ஓர் உயிரிக்குத் தலைமுறைக்குச் சராசரியாக 1 புதிய தீங்கான சடுதிமாற்றம் வருகிறது, லோகஸ்களின் விளைவுகள் ஒன்றோடொன்று பெருக்கலாகச் சேர்கின்றன என்று வைத்தால், எல்லாமே முழு ஒடுங்கு வகையாக இருக்கும்போது சுமை சுமார் 0.39, ஓரளவேனும் ஓங்கியிருந்தால் 0.63.


பதிவு 3 | நுனித்தளிர்

ஓ = 0-வில் ம, ஓ = 0.5-இல் 2ம. நடுவில் எங்கே தாவுகிறது? சீராக ஏறுகிறதா?


பதிவு 4 | சமன்பாடு

சீராக ஏறுவதில்லை. மிகச் சீக்கிரமே 2ம பக்கம் சாய்ந்துவிடுகிறது. முழுச் சமன்பாடு ம = ஓதக + த(1 − 2ஓ)க². கணிமரபு சொன்ன அதே ம, த-வோடு ஓ = 0.02 போட்டால் க = 0.0042 வரும், சுமை 0.0000183. ஓ-வை 0-விலிருந்து வெறும் 0.02-க்கு நகர்த்தியதிலேயே 2ம-வுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஓ-வின் மதிப்பு √(ம/த)-வைவிடப் பல மடங்கு பெரிதானால் போதும், ஒடுங்கு சூத்திரம் செல்லாது.

உயிர்க்கொல்லி அல்லீலை எடுத்துக்கொள்ளுங்கள். த = 1, ஓ = 0.02. டுரோசோஃபிலா என்ற பழ ஈயில் அளந்த உயிர்க்கொல்லிகளின் சராசரி ஓ கிட்டத்தட்ட இந்த அளவுதான். பாடப்புத்தகம் இதை 'ஒடுங்கு உயிர்க்கொல்லி' என்றே எழுதும். க சுமார் 0.0005. ஒரு கோடி உயிரிகளில் சுமப்பவை சுமார் 10,000. அவற்றில் 2 சதவீதம், 200 இழப்பு. இரட்டைப் பிரதியால் சாவது 2 அல்லது 3. நீக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் 'ஒன்றுமே தெரியாத' ஹெட்டிரோசைகஸ் உயிரிகள் வழியாகத்தான் நடக்கிறது.

கண்ணுக்கு ஒடுங்கியதாகத் தெரிவதும் தேர்வுக்கு ஒடுங்கியதாக இருப்பதும் வேறு வேறு. நிறத்திலோ நோயிலோ தெரியாத 2 சதவீதம் இனக்கூட்டத்தின் கணக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பெரிய, தாராளமாகக் கலக்கும் கூட்டத்தில் முழு ஒடுங்கு அல்லீல் என்று ஒன்றை நம்பிக் கணக்குப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.


பதிவு 5 | பழஈ

இந்த ஓ எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். அது தெரியாமல் சிமுலேஷனில் எல்லாச் சடுதிமாற்றத்துக்கும் ஒரே ஓ-வைக் கொடுப்பது பெரிய தவறு.

மரபியலாளர் ஃபிஷர் 1928-இல், ஓங்குத்தன்மையே தேர்வால் படிப்படியாக உருவானது என்றார். ஹெட்டிரோசைகஸ் உயிரிகளைக் காப்பாற்றும் துணை மரபணுக்கள் பெருகின என்பது வாதம். இன்னொரு மரபியலாளர் ரைட் ஏற்கவில்லை. அவ்வளவு அரிதான ஹெட்டிரோசைகஸ் நிலைமீது தேர்வு மிக மெலிதாகவே வேலை செய்யும், ஓங்குத்தன்மை நொதிகளின் இயல்பிலேயே இருக்கிறது என்றார். 1981-இல் கேக்சரும் பர்ன்ஸும் அதற்கு வளர்சிதைப் பாதைக் கணக்கைக் கொடுத்தார்கள். 1991-இல் ஆலன் ஓர் (Orr) என்பவர் கிளமைடோமோனாஸ் பாசியைக் காட்டினார். வாழ்நாளின் பெரும்பகுதி ஒற்றைமயமாகவே (மரபணுவுக்கு ஒரே பிரதியோடு) இருக்கும் அதில் ஹெட்டிரோசைகஸ் நிலையே அரிது. இருந்தும் அதன் சடுதிமாற்றங்களை இரட்டைமய நிலையில் வைத்துப் பார்த்தால் மற்ற உயிரிகளில் போலவே ஒடுங்கியிருக்கின்றன. ஃபிஷர் வாதத்துக்கு அது பலத்த அடி.

கணக்கு எளிது. ஒரு பாதையின் ஓட்டம் = நொ/(நொ + 0.1) என்று வைத்துக்கொள்ளுங்கள்; நொ என்பது நொதியின் அளவு, இயல்பில் 1. தகுதி இந்த ஓட்டத்துக்கு நேர்விகிதம்.

நொதியை முழுக்க இழக்கும் அல்லீல்: அஅ-வில் நொ = 0, ஓட்டம் 0, த = 1. ஆஅ-வில் நொ = 0.5, ஓட்டம் 0.833. இயல்பான 0.909-ஓடு ஒப்பிட்டால் இழப்பு 8.3 சதவீதம். ஓ = 0.083.

நொதியின் திறனை 20 சதவீதம் மட்டும் குறைக்கும் அல்லீல்: அஅ-வில் நொ = 0.8, இழப்பு 2.2 சதவீதம். ஆஅ-வில் நொ = 0.9, இழப்பு 1 சதவீதம். ஓ = 0.45.

அதே நொதி, அதே பாதை. பெரிய தீங்கு நன்றாக ஒடுங்கியிருக்கிறது. சின்னத் தீங்கு கிட்டத்தட்டச் சரிபாதி. டுரோசோஃபிலாவிலும் ஈஸ்ட்டிலும் அளந்தபோது கிடைத்த போக்கும் இதுவே: த கூடக்கூட ஓ குறைகிறது. ஆகவே சிமுலேஷனில் ஓ-வை த-வோடு இணைத்துக் கொடுங்கள்.

அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓ என்பது ஒரு விகிதம்: ஹெட்டிரோசைகஸ் இழப்பை ஹோமோசைகஸ் (அஅ) இழப்பால் வகுப்பது. த சிறிதாக இருக்கும் கோடுகளில் (ஆய்வகத்தில் தனித்தனியே வளர்க்கும் வழிமரபுகளில்) வகுத்தி பூஜ்யத்தை ஒட்டிவிடும், ஓ-வுக்கு 7, −4 என்று அபத்தமான எண்கள் வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓ கண்டுபிடித்து அதைச் சராசரி எடுக்கக் கூடாது. எல்லாக் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்து, சரிவிலிருந்து ஓ-வை எடுக்க வேண்டும். அளவீட்டுப் பிழை அந்தச் சரிவையும் தட்டையாக்கும், அதைத் தனியே திருத்த வேண்டும்.


பதிவு 6 | நுனித்தளிர்

நொதிகளுக்குச் சரி. கட்டமைப்புப் புரதங்களுக்கு?


பதிவு 7 | பழஈ

அங்கே கதை மாறும். முதல்வகைக் கொலாஜன் மூன்று இழைகளால் முறுக்கப்பட்ட கயிறு: இரண்டு ஆல்ஃபா-1, ஒரு ஆல்ஃபா-2. ஆல்ஃபா-1 மரபணுவின் ஒரு பிரதி வேலையே செய்யாவிட்டால் கயிறு பாதி அளவு கிடைக்கும், ஆனால் கிடைப்பதெல்லாம் நல்ல கயிறு. எலும்பு எளிதில் முறியும் நோயின் மிதமான வகை வரும். அதே பிரதி கோணலான இழையை உற்பத்தி செய்தால் கயிறுகளில் நாலில் மூன்று பங்கில் குறைந்தது ஒரு கோணல் இழை சேர்ந்துவிடும். நோய் மிகக் கடுமையாகும். மரபணுவே இல்லாமல் போவதைவிடக் கெட்ட மரபணு இருப்பது மோசம்.

இப்படிப்பட்ட அல்லீலில் ஓ ஒன்றை நெருங்கும், த-வும் ஒன்றை நெருங்கினால் க கிட்டத்தட்ட ம-வுக்குச் சமம். ஏறக்குறைய ஒவ்வொரு நோயாளியும் அந்தத் தலைமுறையில் தோன்றிய புதிய சடுதிமாற்றம். சுமை அப்போதும் 2ம-தான்.


பதிவு 8 | சமன்பாடு

எக்ஸ் குரோமோசோமுக்கும் தலை எண்ணும் முறை அழகாக வேலை செய்கிறது. ஒரு லட்சம் பேரில் எக்ஸ் பிரதிகள் ஒன்றரை லட்சம், தலைமுறைக்கு 1.5 புதிய அ. ஒடுங்கு அல்லீலாக இருந்தாலும் ஆணில் ஒளிய இடமில்லை. ஒரு சாவுக்கு ஒரு பிரதி. ஆக லட்சத்துக்கு 1.5 சாவு, சுமை 1.5ம, அத்தனையும் ஆண்கள்மீது. எக்ஸ் பிரதிகளில் மூன்றில் ஒரு பங்குதான் ஆணிடம் இருப்பதால் க = 3ம/த. ஆண்கள் பிழைத்துப் பிள்ளை பெறாத அளவுக்குக் கடுமையான எக்ஸ் நோய்களில் மூன்றில் ஒருவர் புதிய சடுதிமாற்றத்தால் வந்தவர் என்று ஹீமோஃபிலியாவை வைத்து ஹால்டேன் 1935-இல் காட்டியதன் அடிப்படையும் இதுவே.


பதிவு 9 | காப்பினம்

இதுவரை பேசியதெல்லாம் பெரிய, தாராளமாகக் கலக்கும் கூட்டம். அங்கே ஒடுங்கு அல்லீல் மலிவாகத் தெரிகிறது. அந்த மலிவு கடன் வாங்கியது. கூட்டம் சுருங்கி உறவுக்குள்ளேயே இணைசேரத் தொடங்கியதும் வட்டியோடு வசூலாகும்.

கணிமரபு போட்ட எண்களையே எடுக்கிறேன். இப்படிப்பட்ட லோகஸ் 5,000 இருக்கட்டும். உட்கலப்புக் கெழு (ஓர் உயிரியின் இரு பிரதிகளும் ஒரே மூதாதைப் பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) திடீரென்று 0.25 ஆகிறது, உடன்பிறந்தவற்றுக்குள் இணைசேர்ந்தால் வரும் அளவு.

ஓ = 0: ஒரு லோகஸில் அஅ-வின் பங்கு 0.0001-லிருந்து 0.002575-க்கு ஏறும். லோகஸ் ஒன்றுக்கு இழப்பு 0.0002575, அதாவது 26 மடங்கு. 5,000 லோகஸுக்கும் சேர்த்துச் சராசரித் தகுதி 0.95-லிருந்து 0.28-க்கு விழுகிறது.

ஓ = 0.5: அஅ கூடுகிறது, ஆஅ குறைகிறது, இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. முன்பு 0.905, பின்பும் 0.905.

நல்ல நாளில் 0.95 வைத்திருந்த கூட்டம் ஒரே தலைமுறையில் 0.28, 0.905 வைத்திருந்தது அசையவே இல்லை. ஓங்குத்தன்மை முடிவு செய்வது சுமையின் மொத்தத் தொகையை அல்ல. அதில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வராது. சுமை எங்கே ஒளிந்திருக்கிறது, எப்போது வெளியே வரும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. உட்கலப்பு நலிவு (உறவுக்குள் இணைசேர்வதால் வரும் தகுதிச் சரிவு) பெரும்பாலும் இந்த ஒளிந்த பங்கிலிருந்தே வருகிறது. ஓ எல்லா இடத்திலும் 0.5 என்றால் உட்கலப்பு நலிவு என்ற ஒன்றே இருக்காது.

நடைமுறையில் அளப்பது 'உயிர்க்கொல்லிச் சமானம்' என்ற அலகில் (சேர்ந்து ஒரு சாவுக்கு ஈடாகும் கெட்ட அல்லீல்களின் தொகுப்பு ஒரு சமானம்). மார்ட்டன், குரோ, முல்லர் 1956-இல் கொண்டுவந்த முறை: பிழைப்பு வீதத்தின் மடக்கையை உட்கலப்புக் கெழுவுக்கு எதிராக வரைந்து சரிவை எடுப்பது. காப்பகங்களில் வளர்க்கப்பட்ட 38 பாலூட்டி இனங்களின் பதிவேடுகளை ரால்ஸ், பாலூ, டெம்பிள்டன் மூவரும் 1988-இல் ஆராய்ந்தபோது இடைநிலை மதிப்பு ஓர் உயிரிக்கு 3.14 என்று வந்தது. ஒற்றைத் தொகுதிக்கு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் பாதிக்கு) 1.57. கெழு 0.25-இல் பிழைப்பு e-யின் அடுக்காக, −1.57 × 0.25 என்று போட்டால், உறவில்லாத இணைகளின் குட்டிகளோடு ஒப்பிட 0.675. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழப்பு. அதுவும் குட்டிப் பருவ இழப்பு மட்டும். மகப்பேறு, நோய் எதிர்ப்பு எல்லாம் சேர்த்தால் இதைவிடக் கூடும்.


பதிவு 10 | விதைக்கூடு

ஒரு மறுப்பு. தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள் தலைமுறை தலைமுறையாக முழு உட்கலப்பில்தான் வாழ்கின்றன. நெல், கோதுமை, பயறு எதுவும் அழிந்துவிடவில்லை. ஒடுங்கு அல்லீல் வெளியே வந்தால் தேர்வு அதைக் களைந்துவிடும். களைந்து முடித்த கூட்டம் முன்பைவிடச் சுத்தம். அப்படியிருக்க உட்கலப்பை வெறும் கேடாக ஏன் பார்க்க வேண்டும்?


பதிவு 11 | காப்பினம்

களைவது உண்மை. எவ்வளவு காலத்தில், எத்தனை உயிர்கள் கொடுத்து என்பதில்தான் சிக்கல், விதைக்கூடு.

மேலே சொன்ன கூட்டத்தில் கெழு 0.25-ஆகவே நிலைத்திருந்தால் புதிய சமநிலையில் க = 0.0004, முன்பு 0.01. சுமை மறுபடியும் லோகஸுக்கு ம, அதாவது 0.95-க்குத் திரும்பிவிடும். நீங்கள் சொல்வது அந்தக் கடைசி நிலை. ஆனால் உட்கலப்பு வழியான நீக்கம் தலைமுறைக்கு க-வில் 2.5 சதவீதம்தான். 0.01-லிருந்து 0.0004-ஐ நெருங்க நூறு தலைமுறைக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் 0.28 தகுதியோடு இருக்கும் ஐம்பது விலங்குகள் அத்தனை தலைமுறை தாங்காது. ஒரு செடி நூற்றுக்கணக்கில் விதை உதிர்க்கும், முக்கால்வாசி செத்தாலும் இடம் நிரம்பிவிடும். மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டி போடும் விலங்குக்கு அந்த உபரி இல்லை.

இரண்டாவது சிக்கல் மரபியல் நகர்வு (நிகழ்வெண் தற்செயலாக ஏறி இறங்குவது). இனப்பெருக்கம் செய்யும் உயிரிகள் 20 என்றால் 1/(2 × 20) = 0.025. த இதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் தேர்வின் கை ஓங்கும். உயிர்க்கொல்லிகள் களையப்படும். த = 0.01 உள்ளவை தேர்வின் கண்ணில் படாது, சீட்டுக் குலுக்கல் போல நிலைபெறும். நிலைபெற்ற பிறகு ஆ-வே இல்லை, களைய எதுவும் இல்லை. சின்னக் கூட்டத்தில் பெரிய களைகள் போகும், சின்னக் களைகள் வேர்விடும்.

இதனால்தான் வெளியிலிருந்து சில உயிரிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை செய்கிறது. 1995-இல் புளோரிடாவின் பியூமாக் கூட்டத்தில், முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த நிலையில், டெக்சாஸிலிருந்து 8 பெண் பியூமாக்களை விட்டார்கள். பிறந்த கலப்புக் குட்டிகள் நன்றாகப் பிழைத்தன, எண்ணிக்கை ஏறியது. இரு கூட்டங்களிலும் நிலைபெற்ற கெட்ட அல்லீல்கள் வெவ்வேறு லோகஸில் இருப்பதால் முதல் தலைமுறையில் எல்லாமே மூடப்படும். மூடப்படுகின்றனவே தவிர நீங்கிவிடுவதில்லை. கூட்டம் மறுபடியும் சிறிதாகவே இருந்தால் அடுத்தடுத்த தலைமுறைகளில் திரும்ப வெளியே வரும். ஆளைச் சேர்ப்பதோடு எண்ணிக்கையை ஏற்றுவதும் அதே வேலையின் பகுதி. பெரிய கூட்டத்திலிருந்து வரும் உயிரி தன்னோடு ஒளிந்த ஒடுங்கு அல்லீல்களையும் நிறையக் கொண்டுவரும் என்பதையும் மறக்கக் கூடாது.


பதிவு 12 | விதைக்கூடு

ஏற்றுக்கொள்கிறேன். விதை எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காமல் எழுதிவிட்டேன். சேர்க்க ஒன்று உண்டு: நன்மை தரும் சடுதிமாற்றத்தில் இந்த ஒளிதல் தலைகீழாக வலிக்கிறது.

த = 0.1 நன்மை தரும் அல்லீல், நிகழ்வெண் 0.001-லிருந்து 0.01-க்கு ஏற வேண்டும். முழுக்க ஓங்கியிருந்தால் சுமார் 23 தலைமுறை. முழுக்க ஒடுங்கியிருந்தால் சுமார் 9,000 தலைமுறை. நிகழ்வெண் 0.001-இல் பத்து லட்சத்துக்கு ஒன்றுதான் இரட்டைப் பிரதி; தேர்வு பார்க்க அந்த ஒன்றுதான் கிடைக்கிறது.

அதற்கு முன்னாலேயே பெரும்பாலானவை தொலைந்துவிடும். ஹெட்டிரோசைகஸ் நிலையில் 1 சதவீத நன்மை தரும் புதிய அல்லீல் நிலைபெறும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம். இரட்டைப் பிரதியில் மட்டும் 1 சதவீத நன்மை தருவது, 10,000 உயிரிகள் கொண்ட கூட்டத்தில், சுமார் 0.08 சதவீதம். இருபத்தைந்தில் ஒரு பங்கு. இதற்கு ஹால்டேன் சல்லடை என்று பெயர்: புதிய அல்லீல்களில் ஓங்கியவை சல்லடையில் தங்கும், ஒடுங்கியவை கீழே போய்விடும். தன்மகரந்தச் சேர்க்கையில் இந்தச் சல்லடைக்குக் கண்ணே இல்லை, இரண்டாம் தலைமுறையிலேயே இரட்டைப் பிரதி வந்துவிடும்.

மிளகுப் பூச்சி (peppered moth என்ற அந்துப்பூச்சி) நல்ல உதாரணம். கறுப்பு வகை 1848-இல் மான்செஸ்டரில் பதிவானது; ஆலைப் புகையால் மரங்கள் கறுத்திருந்ததால் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே பெரும்பான்மையாகிவிட்டது. கறுப்பு அல்லீல் ஓங்கியது. புகை குறைந்த பிறகு அதே ஓங்குத்தன்மை அதைக் காட்டிக்கொடுத்தது: ஒற்றைப் பிரதியே உடம்பைக் கறுப்பாக்குவதால் பறவைகளிடம் ஒளிய இடமில்லை, வேகமாகச் சரிந்தது.


பதிவு 13 | நுனித்தளிர்

சல்லடை என்பது அப்போதுதான் தோன்றிய சடுதிமாற்றத்துக்கு மட்டுமா? சூழல் மாறும்போது ஏற்கெனவே கூட்டத்தில் கிடக்கும் அல்லீல் பயன்படுமே.


பதிவு 14 | சமன்பாடு

நல்ல கேள்வி. ஓரும் பெட்டன்கோர்ட்டும் 2001-இல் காட்டினார்கள்: சூழல் மாறுவதற்கு முன் தீங்காக இருந்து சமநிலையில் கிடந்த அல்லீல் பிறகு நன்மையாக மாறினால், நிலைபெறும் வாய்ப்பில் ஓ பெரிதாகத் தெரியாது. ஒடுங்கியதாக இருந்தால் மெதுவாக ஏறும், ஆனால் தொடக்கத்திலேயே அதிகப் பிரதிகள் கையிருப்பில் இருக்கும். ஓங்கியது வேகமாக ஏறும், ஆனால் கையிருப்பு குறைவு. இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. முதல் பதிவின் 0.01, 0.0002 இரண்டையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சூழலிலும் ஓ ஒன்றாகவே இருக்கிறது என்ற அனுமானம் மட்டும் இதற்குத் தேவை.


பதிவு 15 | விதைக்கூடு

அந்த அனுமானம்தான் களத்தில் உடைகிறது. ஓ மரபணுவில் எழுதிவைத்த எண் அல்ல. மருந்தின் அளவே அதை மாற்றும். தன்னுள்ளேயே பூச்சிக்கொல்லிப் புரதம் உள்ள பயிர்களில் 'அதிக அளவு, கூடவே புகலிடம் (நஞ்சில்லாச் செடிகள் நட்ட பகுதி)' என்ற உத்தி முழுக்க இதன்மீது நிற்கிறது.

ஒரு கோடிப் புழுக்கள், எதிர்ப்பு அல்லீலின் நிகழ்வெண் 0.001. இரட்டைப் பிரதி 10 புழு, ஒற்றைப் பிரதி சுமார் 20,000. செடியில் நஞ்சு மிக அதிகமாக இருந்து ஒற்றைப் பிரதிப் புழுக்கள் எல்லாம் சாகின்றன என்றால் எதிர்ப்பு ஒடுங்கியது, பிழைப்பவை 10. அந்தப் பத்தும் புகலிடத்திலிருந்து வரும் ஏராளமான சாதாரணப் பூச்சிகளோடு இணைசேரும், குஞ்சுகள் ஒற்றைப் பிரதி, அடுத்த தலைமுறையில் அவையும் சாகும். நஞ்சு கொஞ்சம் குறைந்து ஒற்றைப் பிரதிகளில் 5 சதவீதம் பிழைத்தால்? 1,000 புழு. பத்துக்குப் பதில் ஆயிரம்.

எங்கே பிசகும் என்றால்: பருவக் கடைசியில் செடியில் புரதம் குறையும், ஒரே காயில் வெவ்வேறு விதைகளில் நஞ்சின் அளவு வேறுபடும், புகலிடம் நடப்படாமலே போகும், நட்டாலும் பயிரோடு ஒரே சமயத்தில் பூக்காததால் பூச்சிகள் வெளிவரும் நாள் தள்ளிப்போகும். முதல் இரண்டும் ஓ-வைக் கூட்டுகின்றன. பின்னிரண்டும் ஓ குறைவாக இருந்தும் அதன் பயனைக் கெடுக்கின்றன.


பதிவு 16 | பழஈ

ஓ 0-வுக்கும் 1-க்கும் இடையில் அடங்காத இரண்டு நிலைகளையும் தொட்டுவிடலாம்.

ஹெட்டிரோசைகஸ் ஆஆ, அஅ இரண்டையும் விடத் தகுதியாக இருந்தால் இரண்டு அல்லீலும் நிலையாகத் தங்கும். மலேரியாப் பகுதியில் அரிவாள் அணு அல்லீலை எண்ணுங்கள். ஆலிசன் 1954-இல் தொடர்பைக் காட்டியது. விளக்கத்துக்காக ஆஆ 0.85, ஆஅ 1, அஅ 0 என்று வைத்தால் சமநிலை க = 0.15/1.15 = 0.13. சராசரித் தகுதி 0.87. தேர்வு ஏற்றிவைத்த உச்சம் இது. ஆனால் அல்லீலே இல்லாதபோது 0.85, ஏற்றம் வெறும் 0.02. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 1.7 பேர் இரட்டைப் பிரதியோடு பிறக்கிறார்கள், தலைமுறைதோறும். பெற்றோர் இருவரும் மிகத் தகுதியானவர்களாக இருந்தும் பிள்ளைகளில் கால்வாசி அஅ. மெண்டல் விதி அப்படிப் பிரித்துவிடுகிறது. இதன் சுமை 0.13. மேலே ஒரு லோகஸுக்கு 0.00001 என்று பேசியதோடு வைத்துப் பாருங்கள், 13,000 மடங்கு. இப்படிப்பட்ட லோகஸ்கள் மரபகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க முடியாது என்ற வாதம் இப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் பிறந்தது. மலேரியா போய்விட்டால் அதே அல்லீல் வெறும் ஒடுங்கு உயிர்க்கொல்லி. க பாதியாகவே 1/0.13, சுமார் 8 தலைமுறை. 0.01-க்கு வந்த பிறகு அடுத்த பாதிக்கு 100 தலைமுறை. நோயாளிகளைத் தடுத்து ஒடுங்கு நோயை ஒழித்துவிடலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசியவர்கள் இந்தக் கணக்கின்முன் நிற்க முடியாது. அந்தப் பேச்சால் மனிதர்களுக்கு நேர்ந்த கொடுமைக்கு அறிவியல் ஆதரவு அன்றும் இல்லை.

ஹெட்டிரோசைகஸ் இருவரையும் விடத் தாழ்ந்திருந்தால் நடுவில் உள்ள சமநிலை நிலையற்றது. எந்த அல்லீல் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கிறதோ அது ஒழியும், அது மேலானதாகவே இருந்தாலும். தேர்வு எப்போதும் சராசரித் தகுதியை ஏற்றுகிறது என்பது இங்கேயும் உண்மைதான். பக்கத்தில் உள்ள குன்றின் உச்சிக்கு ஏற்றும், உயரமான குன்றுக்கு அல்ல.


பதிவு 17 | கணிமரபு

முதல் கேள்வி தெளிந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. அந்த 4 சதவீதம்?


பதிவு 18 | சமன்பாடு

200 தலைமுறை போதாது, அதுதான் காரணம். ஓ = 0.5-இல் சமநிலைக்குத் திரும்பும் காலஅளவு 1/(ஓத) = 20 தலைமுறை; 200-இல் எல்லாம் அடங்கிவிடும். ஓ = 0-வில் 1/(2√(மத)) = 500 தலைமுறை. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 200-ஆவது தலைமுறையில் க வெறும் 0.002. சுமை த × க², அதனால் 0.0000004. எதிர்பார்த்த 0.00001-இல் 4 சதவீதம், நீங்கள் பார்த்த எண் அதுவே. 2,500 தலைமுறை ஓட்டுங்கள், க எதிர்பார்த்ததில் 98 சதவீதத்தைத் தாண்டும். அல்லது தொடக்கத்திலேயே க = 0.01 கொடுங்கள்.

பிறகு மூன்று இடங்களைச் சரிபாருங்கள். ஸ்லிம் (SLiM என்ற சிமுலேஷன் மென்பொருள்) பயன்படுத்தினால் அதில் தகுதி 1 + த, 1 + ஓத. தீங்குக்கு த-வை எதிர்மறையாகக் கொடுக்க வேண்டும். சில கட்டுரைகள் 1, 1 + த, 1 + 2த என்று எழுதும். அங்கிருந்து எண்ணை எடுத்தால் த-வை இரட்டிக்க வேண்டும். ரைட்-ஃபிஷர் முறையில் தகுதி ஒப்பீட்டளவில்தான் செயல்படும். சுமை எவ்வளவு ஏறினாலும் கூட்டத்தின் அளவு குறையாது. காப்பினம் சொன்ன 0.28 வீழ்ச்சியில் கூட்டம் அழிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ரைட்-ஃபிஷர் அல்லாத முறைக்கு மாறுங்கள்.


பதிவு 19 | காப்பினம்

கூட்டத்தின் அளவையும் பாருங்கள், கணிமரபு. 500 உயிரிகளோடு ஓட்டினால் ஒரு லோகஸுக்குத் தலைமுறைக்கு வரும் புதிய பிரதிகள் 0.01, நூறு தலைமுறைக்கு ஒன்று. பெரும்பாலான நேரம் அந்த லோகஸில் அ-வே இருக்காது. முழு ஒடுங்கு அல்லீலின் சராசரி நிகழ்வெண் சின்னக் கூட்டத்தில் √(ம/த)-வைவிடக் குறைவாகவே வரும். அதைப் பிழை என்று எண்ணிச் சடுதிமாற்ற வீதத்தை ஏற்றிவிடாதீர்கள். ஒரே லோகஸை ஓட்டாமல் 5,000 லோகஸுக்குச் சராசரி எடுங்கள். முதலில் ஒரு லட்சம் உயிரிகளோடு ஒருமுறை, பிறகு 500-ஓடு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நகர்வின் பங்கு.


பதிவு 20 | கணிமரபு

க = 0.01-லிருந்து தொடங்கி, ஒரு லட்சம் உயிரிகள், 5,000 லோகஸ், 2,500 தலைமுறை. சராசரித் தகுதி ஓ = 0-வுக்கு 0.95, ஓ = 0.5-க்கு 0.90. இனி உட்கலப்பை 0.25-க்கு ஏற்றி ஓட்டப்போகிறேன்.